அரைத் திருகு

விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே நடைபாதைக் கடைகள் இருக்கின்றன. அங்கே மழையும் பெய்யாத, வெயிலும் அடிக்காத ஒரு பகலில், ஓர் ஆள் கறுப்புக் குடையை விரித்துத் தோள்வரை இறக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றதை உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். பாவம், மண்டையில் ஏதோ கோளாறு என்று நகர்ந்திருப்பீர்கள். கோளாறெல்லாம் இல்லை. குடைக்குள் இருட்டு உண்டாக்கி டார்ச் லைட்டு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் திண்டிவனம் அலுவலகத்தின் ரெக்கார்டு கிளார்க் அவர். நான் அங்கே தட்டச்சர். ஆறு வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றிப் பிரியமாகத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

அவருக்கு டார்ச் லைட்டு என்றால் உயிர். ஆனால் இருட்டில் செய்கிற வேலை எதுவும் அவருக்குக் கிடையாது. விழுப்புரத்தில் விடிய விடியத் தெருவிளக்கு எரிகிற தெருவில் வீடு. காலை ரயிலில் வருவார், சாயங்கால ரயிலில் போவார். கரண்டு போனால் வீட்டில் இன்வெர்ட்டர். அப்படிப்பட்டவரின் மேசை இழுப்பறையைத் திறந்தால் ஸ்டாம்பு பேடுக்குப் பக்கத்தில் ஏழெட்டு லைட்டு உருளும். விரல் நீளத்தில் சில, சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி சில. எல்லாம் சின்னது, எல்லாம் மலிவு. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் என்றால் கையால் தொடமாட்டார்.

"வெல ஒசந்தது நல்லா எரியறதுல இன்னாம்மா பெரும? முந்நூறு ரூவாயில ஒழுங்கா ஒண்ணு இருக்குதான்னு பாக்கணும். அதான் கஷ்டம்" என்பார்.

அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே சண்டை தொடங்கிவிடும். பெட்டிமேல் போட்டிருக்கிற வெளிச்ச அளவை வாய்விட்டுப் படித்து, சிரித்து, "பொய்யிலதான் ஆரம்பிக்கிறானுங்க" என்று என்னிடம் காட்டுவார். எனக்கு அந்த எண் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவேன். பிறகு லைட்டோடு ரெக்கார்டு ரூமுக்குள் போய்விடுவார். ஜன்னலே இல்லாத அறை. பழைய கட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கும். பின்சுவரில் கொஞ்சம் இடத்துக்கு அவரே சுண்ணாம்பு அடித்து, நடுவில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த வட்டத்தில் வெளிச்சத்தை விழவைத்து முறைத்துக்கொண்டு நிற்பார். நடுவில் ஓட்டை விழுகிறதா, ஓரத்தில் வளையம் வருகிறதா, வெளிச்சம் நீலமா மஞ்சளா. அரைமணிக்கு ஒருமுறை போனை வைத்து வெளிச்சத்தை அளந்து, நீட்டு நோட்டில் எழுதுவார். அப்புறம் வாளித் தண்ணீரில் முக்குவார். மேசை உயரத்திலிருந்து போடுவார். டொம்மென்று சத்தம் வந்ததும் எங்கள் தலைமை எழுத்தர் இங்கிருந்து கத்துவார்.

"யோவ், கட்டு விழுந்துச்சா, நீ விழுந்தியா?"

"லைட்டுதான் சார்."

"உடைஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப இன்னொரு தடவ போடு. ஒடஞ்சாத்தான் உனக்கு நிம்மதி."

அதில் உண்மை இருந்தது. நோட்டில் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரே சொல்: தேறவில்லை. எனக்குத் தெரிந்து நாற்பது ஐம்பது பக்கம் அப்படித்தான். மதியத்துக்கு மேல் பட்டனைச் சோதிப்பார். நூறு தடவை அழுத்தி அழுத்தி விடுவார். டிக், டிக், டிக். நான் தட்டச்சு செய்கிற ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சத்தம் சேர்ந்துகொண்டு பிழை வரும். முடித்துவிட்டு, லைட்டின் வால்பக்கத்து மூடியை அரைத் திருகு திருகி, இழுப்பறைக்குள் வைப்பார். எந்த லைட்டை வைத்தாலும் அந்தத் திருகு உண்டு. சிலர் பேனா மூடியை நோண்டிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி ஏதோ கைப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னாத்துக்கு சார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

லைட்டு விஷயத்தில் மட்டும் அப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மனுஷன் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல்லே வராது. எந்தக் கடையில் டீ நல்லா இருக்கும் என்று புதிதாக வந்த ஆபீசர் கேட்டார். "பாத்துக்கினு இருக்கேன் சார், இன்னும் முடிவாகல" என்றார். இருபது வருடமாக அதே தெருவில் டீ குடிக்கிறவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்து, வந்த ஜாதகத்தையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். கடைசியில் அந்தப் பெண்ணே ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொல்லி, கல்யாணமும் நடந்தது. பத்திரிகை கொடுக்க வந்தபோது, பையன் எப்படி சார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா. பாக்கணும்" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் ஓர் உதவி கேட்டேன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவும் அம்மாவும் பெருமுக்கலில் இருக்கிறார்கள். ஒன்றரை ஏக்கர், ஒரு போர்வெல். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார், கொஞ்சம் கேப்பை போடுவார். மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு முறைவைத்து வரும். சில வாரம் விடியற்காலையில்தான் வரும். அப்பா பட்டன் போனின் முனையில் எரிகிற குட்டி லைட்டை நம்பி வரப்பில் நடந்து போவார். மோட்டார் கொட்டாய்க்குப் போனதும் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டார்ட்டரைப் போடுவார். அந்த ஆடி மாதம் ஒருநாள் போன் பண்ணினார்.

"ஸ்டார்ட்டர் பெட்டி மேல நல்ல பாம்பு ஒண்ணு சுருண்டுகினு கெடந்துச்சும்மா. கைய வெக்கப் போறேன், புஸ்ஸுன்னுச்சு. எகிறி வெளிய வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் காலையிலேயே ரெக்கார்டு கிளார்க்கின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், எங்கப்பாவுக்கு ஒரு லைட்டு வேணும். நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

சும்மா சொல்லக்கூடாது, நான் சொன்னதை அவரைப் போல யாரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர்கூட, சரி வாங்கிக் கொடு என்றுதான் சொன்னார். இவர் நோட்டில் புதுப்பக்கம் எடுத்தார். அப்பாவுக்கு என்ன வயசு, எந்தக் கையில் மண்வெட்டி பிடிப்பார், வரப்பு எத்தனை தூரம், கொட்டாய்க்குக் கதவு உண்டா, எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்.

"கை ஈரமா இருக்கும். இன்னொரு கையில மமுட்டி இருக்கும். அப்ப கட்டவெரலால அழுத்தற பட்டன்தான் வேணும். ஒருவாட்டி அழுத்தினா எரியணும், இன்னொருவாட்டி அழுத்தினா நிக்கணும். நடுவுல மினுக்கு மினுக்குன்னு டிஸ்கோ லைட்டெல்லாம் வரக்கூடாது. பாம்பு எதிர்ல இருக்கறப்ப மினுக்கினா மனுசன் பயந்துடுவாரு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா வரப்பில் நடப்பதை, ஒருநாளும் அந்தப் பக்கம் வராத இந்த மனுஷன் அப்படியே பார்த்துவிட்டாரே என்று இருந்தது.

அந்த வாரமே விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. ஜங்ஷன் கடைகளுக்கு வரச்சொன்னார், போனேன். குடையோடு நின்றிருந்தார். குடைத்துணிக்கு உள்ளே டெய்லரிடம் கொடுத்து இன்னொரு கறுப்புத் துணியும் தைத்து வைத்திருந்தார். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, இவர் குடைக்குள் நுழைந்து அடித்துப் பார்த்து, வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார். ஒன்பது லைட்டு. பத்தாவதைக் கேட்டபோது கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, காலையில இருந்து பேஜாரு பண்ணாதீங்கண்ணே. வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா ஜல்தியா எடத்த காலி பண்ணுங்க."

"நீ நல்லதா வெச்சிருந்தா நான் ஏம்ப்பா நிக்கறேன்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பட்டுப்புடவையோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறுக்காமல், திண்டிவனம் மார்க்கெட்டில் நானே ஒன்று வாங்கிவிட்டேன். நீலநிற பிளாஸ்டிக் லைட்டு. நன்றாகத்தான் எரிந்தது. சாயங்காலம் ஊருக்குப் போகிற பையில் இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"குடும்மா, ஒரே நிமிஷம்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டொம். பிறகு வாளிச் சத்தம். பத்து நிமிடம் கழித்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். செத்துப்போயிருந்தது.

"பாத்தியா? நல்லவேள, அப்பா கையில செத்துப்போவல. இனிமே நீயா எதுவும் வாங்காத. நான் பாத்து சொல்றேன்."

கோபப்பட்டிருக்க வேண்டும். நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆடி போனது, ஆவணி போனது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பேன். ஒன்றில் பட்டன் அறுபதாவது தடவை ஏமாற்றியது. இன்னொன்று சூடேறுகிறது. ஒன்றில் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கிறதாம். ஐப்பசி மழையில் அப்பா கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார் என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"சார், ஏதோ ஒண்ணு எரிஞ்சா போதும் சார்."

"ஏதோ ஒண்ணுன்னு குடுக்க முடியாதும்மா. உங்கப்பா உசுரு."

என் மேசைக்குப் போனேன். அடுத்த கடிதத்தைத் தட்டத் தொடங்கினேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரெக்கார்டு ரூமிலிருந்து வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"தேறிடுச்சிம்மா."

தலைமை எழுத்தர் எழுந்து கை தட்டினார். ஆள் அனுப்பி எல்லோருக்கும் மெதுபக்கோடா வாங்கிவரச் சொன்னார். கட்டைவிரல் பருமனில் கறுப்பு லைட்டு. கூடவே ஒரு தாள். முத்து முத்தான எழுத்தில் பதினோரு குறிப்பு. எத்தனை நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுவது, கண்ணாடியை எந்தத் துணியால் துடைப்பது, யார் கண்ணிலும் நேராக அடிக்கக் கூடாது என்பது வரைக்கும் எழுதியிருந்தார். எவ்வளவு சொன்னாலும் காசு வாங்கிக்கொள்ளவில்லை. நான் அதைக் கைப்பையில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் என் பையிலேயே இருந்தது. நூறு தடவை அழுத்திப் பார்த்தவர் கொடுத்திருக்கிறார், நான் என்ன அழுத்திப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பா கையில் லைட்டையும் தாளையும் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனில் கேட்டேன். "லைட்டு எப்படி கீதுப்பா?"

"நல்லா கீதும்மா."

அடுத்த வாரமும் கேட்டேன். "நல்லா கீதும்மா" என்றார்.

அதற்கடுத்த புதன்கிழமை விடியற்காலையில், பைப் புதைக்க வரப்போரம் வெட்டி வைத்திருந்த பள்ளத்தில் அப்பா விழுந்தார். வலது முட்டி நொறுங்கிப்போனது. விடிந்து, பக்கத்துக் கொல்லைக்காரர் மல்லாட்டைக்குத் தண்ணி கட்ட வந்து பார்க்கிற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பிளேட் வைத்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம்தான் கேட்டேன். "லைட்டு இருந்தும் எப்படிம்மா பள்ளம் தெரியாம போச்சு?"

"எந்த லைட்டு? நீ குடுத்ததா? அது எங்கடி எரிஞ்சிது? அன்னிக்கே அழுத்தி அழுத்திப் பாத்தாரு. ராவெல்லாம் சார்ஜுல போட்டாரு. ஒண்ணத்தயும் காணோம். அப்பால எடுத்து மாடத்துல வெச்சிட்டாரு. பழையபடி போன பல்லுல கடிச்சிக்கினுதான் போனாரு."

அப்பாவின் கட்டிலுக்குப் போனேன். ஏம்ப்பா சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆசையா வாங்கினு வந்த. அந்த சாரு வேற அஞ்சு மாசமா பாத்துப் பாத்துக் குடுத்தாருன்ன. எரியலன்னு எப்படிம்மா சொல்றது?"

அவரைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. ஊருக்குப் போய் மாடத்திலிருந்த லைட்டை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனேன். அவர் மேசையில் வைத்தேன். வைத்தேன் என்று எழுதுகிறேன், எறிந்தேன் என்றுதான் அங்கிருந்தவர்கள் சொல்வார்கள்.

"எரியல சார் உங்க லைட்டு. எங்கப்பா முட்டி போச்சு."

பதறிக்கொண்டு எடுத்தார். வால்மூடியை அரைத் திருகு உள்ளே திருகினார். பட்டனை அழுத்தினார். பளீரென்று எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது.

"எரியுதேம்மா!"

அந்தக் குரலில் இருந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒரு நொடிதான். லைட்டு தப்பித்தது என்ற நிம்மதி.

"இன்னா சார் பண்ணீங்க இப்போ?"

"லாக்கும்மா. பையில கிடக்கறப்போ தானா அமுங்கி எரிஞ்சி சூடாயிடும், சார்ஜும் எறங்கிடும். அதனால அரைத் திருகு விட்டுத்தான் வெப்போம்."

"வெப்போம்னா யாரு சார்?"

"எல்லாருந்தாம்மா."

"எல்லாரும்னா யாரு சார்? எங்கப்பாவா? நானா? இந்த ஆபீசுல யாருக்காவது தெரியுமா சார்?"

போனில் அவரைப் போலவே லைட்டு பைத்தியங்கள் நாலைந்து பேர் குழு வைத்துப் பேசிக்கொள்வார்கள். அவர்கள்தான் அவருடைய 'எல்லாரும்'. பதினோரு குறிப்பு எழுதியவர் பன்னிரண்டாவதாக இதை எழுதவில்லை. மறந்து விட்டதில்லை அது. எழுத வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. மூச்சு விடுவதை யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெருமுக்கலுக்கு வந்துவிட்டார். கையில் ஆப்பிள் பையும் அந்தக் குடையும். அப்பா காலை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் அப்பாதான் அவரிடம் லைட்டைக் கேட்டு வாங்கி, வாலை உள்ளே திருகிப் பட்டனை அழுத்தினார். எரிந்தது. வெளியே திருகினார். அணைந்தது.

"அட, இவ்ளோதானாங்க சார்? எனக்குத் தெரியாம போச்சே" என்று சிரித்தார்.

இவர் குனிந்த தலை நிமிரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். பஸ் ஏற்றிவிடப் போனபோது, "அப்பா மறுபடியும் கொல்லிக்குப் போவாராம்மா?" என்று கேட்டார்.

"போவ மாட்டாரு சார். நெலத்த வேற ஆளுக்கு வாரத்துக்கு விட்டுட்டோம்" என்றேன்.

பஸ் வந்தது. குடையை மறந்துவிட்டு ஏறினார். ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெறும்வரை ஏழெட்டு மாதம் அலுவலகத்தில் அந்த டிக் டிக் சத்தம் கேட்கவில்லை. அமைதியாகத் தட்டச்சு செய்தேன். ஒரு பிழை வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஓய்வுபெற்ற நாளில் மாலையைக் கழற்றிவிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என் மேசைக்கு மட்டும் வரவில்லை. நானும் எழுந்து போகவில்லை.

போன மாதம் ரெக்கார்டு ரூமுக்கு நான் ஒரு பழைய கட்டு தேடிப் போனேன். அவர் ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகிறது. கட்டை இழுத்ததும் அடுக்கின் பின்னாலிருந்து துணியில் சுற்றிய லைட்டு ஒன்று உருண்டு வந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய முத்து எழுத்து. தேதியைப் பார்த்தேன். நான் அப்பாவுக்காகக் கேட்ட அதே ஆடி மாதம், கேட்ட மறுவாரம். 'பட்டன் சரி. தண்ணீர் சரி. விழுந்து எழுந்தது சரி. வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கிறது. தேறவில்லை.'

படித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. பட்டனை அழுத்தினேன். எரியவில்லை. என் கை, நான் ஒன்றும் யோசிக்கும் முன்பே, வாலை அரைத் திருகு திருகியது. எரிந்தது. இத்தனை வருடமும் சார்ஜ் இறங்காமல் வைத்திருந்தது அந்தத் திருகுதான். அவர் சொன்னது சரிதான், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சுண்ணாம்பு மங்கிய அந்த வட்டத்தில் வெளிச்சம் விழுந்தது. உற்று உற்றுப் பார்த்தேன். ஆமாம், லேசாகப் பச்சைதான். பாம்பு தெரியும். பள்ளம் தெரியும்.

"இது போதும் சார்" என்றேன், ஆளில்லாத அறையில், சத்தமாக.